மணியை விட்டுவரப் போன பயணம்

மொழிக் கழகத்தின் ஆண்டிதழுக்கு மறக்க முடியாத பயணம் ஒன்றைப் பற்றி எழுதித் தரும்படி இதழ்க் குழுவில் இருக்கும் தம்பி தங்கைகள் கேட்டிருந்தார்கள். கடல் கடந்து போய்வந்த கதைகள் என்னிடம் இல்லாமல் இல்லை. ஆனால் ‘மறக்க முடியாத’ என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு நினைவுக்கு வருவது ஒரே ஒரு பயணம்தான். திட்டமிடாமல் புறப்பட்டு, ஒரு நாயோடு காட்டுப் பாதையில் கூடாரம் அடித்துத் தங்கிய பயணம். கேட்பதற்குச் சுவையாகத்தான் இருக்கும். ஆனால் ஏன் புறப்பட்டோம் என்பதை இன்றுவரை யாரிடமும் முழுமையாகச் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

2006 நவம்பர் மாதம். தீபாவளி முடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. பருவத் தேர்வு முடிந்து விடுமுறைக்கு வந்திருந்தேன். என் பாட்டி, அதாவது அம்மாவின் தாயார், பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு அருகே ஒரு கித்தாத் தோட்டத்தில் இருந்தார். அந்த ஊருக்கு 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிவிட்டார்கள். ஊர்ப் பெயர் மாறுவதற்கு முன்னரே எங்கள் தோட்டம் கைமாறிவிட்டது. வீடமைப்புத் திட்டம் வருகிறது என்றார்கள். ஐந்தாண்டுகளுக்கு மேல் வேலை செய்தவர்களுக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் என்ற 1980-ஆம் ஆண்டு விதிப்படி கணக்குப் பார்த்துப் பணம் கொடுத்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டிய பாட்டிக்கும் ஒரு தொகை வந்தது. மலிவு விலை அடுக்குமாடி வீட்டில் மாமா குடும்பத்தோடு போய்ச் சேர வேண்டியதுதான் பாக்கி.

மணிதான் இடித்தது.

மணி, பாட்டி வளர்த்த நாய். பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். அப்போது அதற்கு ஆறு வயதிருக்கும். தினமும் விடியற்காலை ஐந்து மணிக்குப் பாட்டியின் காலை மூக்கால் இடித்து எழுப்பும். பாட்டி சைக்கிளை மிதித்துக்கொண்டு நிரைக்குப் போகும்போது பின்னாலேயே ஓடும். அவர் மரம் வெட்டி முடிக்கும்வரை நிரையின் தலைமாட்டில் படுத்திருக்கும். பாம்பு, காட்டுப்பன்றி என்று எது வந்தாலும் முதலில் மணிதான் சொல்லும். தோட்டப்புறத்தில் நாய் செல்லப்பிராணி அல்ல, வேலையாள். ஆனால் தோட்டத்தை மூடியபோது மணியின் பெயரில் ஒரு நாள் சம்பளம்கூட எழுதப்படவில்லை.

அடுக்குமாடி வீட்டில் நாய் வளர்க்கக் கூடாது என்று விதி. மாமாவைக் குறை சொல்ல மாட்டேன். மூன்று பிள்ளைகளோடு இரண்டு அறை வீட்டுக்குப் போகிறவர் அவர். என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்.

“தூரமா எங்கயாச்சும் கொண்டு போய் விட்டுட்டு வந்துருய்யா. கிட்டத்துல விட்டா திரும்பி வந்துரும். பாட்டிகிட்ட நல்ல எடத்துல குடுத்துட்டோம்னு நான் சொல்லிக்கிறேன்.”

நான் தலையாட்டினேன். பல்கலைக்கழகத்தில் படிக்கிற பையன் என்று தோட்டமே மெச்சிய நான், மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

என் அறைத்தோழனின் அப்பா ஒரு பழைய கெம்பாரா வைத்திருந்தார். தோழன் அதை ஓட்டிக்கொண்டு வந்தான். அதற்கு முந்தின வாரம் முகாம் ஒன்றுக்குப் போய் வந்தவன், கூடாரத்தையும் பாயையும் காடியிலிருந்து இறக்காமலேயே விட்டிருந்தான். அந்தச் சோம்பல்தான் பிறகு எங்களைக் காப்பாற்றியது.

பாட்டி வாசலில் நின்றார். மணியின் அலுமினியத் தட்டு, அது படுக்கிற பழைய கைலி, ஒரு பொட்டலம் சோறு, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். பிறகு மடியிலிருந்து இருபது வெள்ளியை எடுத்து என் கையில் வைத்தார்.

“புது வீட்டுக்காரங்ககிட்ட குடுத்துருப்பா. ரெண்டு மாச அரிசிக்கு ஆகும். காரம் ஆகாதுன்னு சொல்லு. இடி இடிச்சா பயப்படும், திட்ட வேணாம்னு சொல்லு.”

சரி பாட்டி என்றேன். வேறு என்ன சொல்வது?

காலை ஒன்பது மணி வாக்கில் புறப்பட்டோம். மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம் என்பதுதான் எண்ணம். ராவாங் தாண்டி, செரெண்டாவுக்கு அருகே ஒரு செம்பனைத் தோட்டத்தின் ஓரம் காடியை நிறுத்தினோம். கதவைத் திறக்கப் போனபோது சைக்கிளில் வந்த இரண்டு தமிழ்ப் பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். “அண்ணே, நாய் கடிக்குமா?” என்று கேட்டார்கள். “கடிக்காது” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினோம். கோல குபு பாருவில் பாசாருக்குப் பின்னால் விடலாம், மீன் குடலாவது கிடைக்கும் என்றான் தோழன். அங்கே போனால், கோழி வெட்டும் கடைக்காரர், “ஆளுங்க வந்து புடிச்சிட்டுப் போயிருவாங்க, பாத்துக்க” என்றார். எங்களுக்கு நல்லது சொல்வதாக நினைத்துச் சொன்னார். அங்கிருந்தும் கிளம்பினோம்.

அதற்குப் பிறகு கேப் வழியாக ரவூப் போகும் மலைப்பாதை. 1951 அக்டோபர் 6-இல் பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி சுட்டுக் கொல்லப்பட்டது இந்தப் பாதையில்தான். வரலாறு படிக்கும் என் தோழன், வேறு நாளாக இருந்தால் காடியை நிறுத்தி ஒரு விரிவுரையே ஆற்றியிருப்பான். அன்று வாயைத் திறக்கவில்லை. வளைவுக்கு வளைவு மணி பின்னிருக்கையில் வாந்தி எடுத்தது. அதுவரை அது காடியில் ஏறியதே இல்லை. துடைத்துத் துடைத்து அலுத்துப்போய், ஒரு வளைவில் காடியை ஓரங்கட்டினோம். இரண்டு பக்கமும் அடர்ந்த காடு. ஆள் நடமாட்டமே இல்லை.

மணியை இறக்கினேன். தட்டில் சோற்றை வைத்தேன். அது சாப்பிடக் குனிந்தபோது ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். தோழன் காடியை எடுத்தான்.

கண்ணாடியில் பார்த்தேன். மணி சோற்றை விட்டுவிட்டு ஓடி வந்தது. குரைக்கவில்லை, ஊளையிடவில்லை. நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு, சாலையின் இடது ஓரமாக, ஒரே சீராக ஓடி வந்தது. பாட்டியின் சைக்கிளுக்குப் பின்னால் ஆறு வருடமாக ஓடியது எப்படியோ அப்படி. நாங்கள் அதை விட்டுவிட்டுப் போகிறோம் என்று அதற்குத் தோன்றவே இல்லை. வேலைக்குப் போகிறோம் என்றுதான் நினைத்திருக்கிறது.

எதிரே மரம் ஏற்றிய லாரி ஒன்று வளைவில் திரும்பியது. தோழன் தன்னையறியாமல் பிரேக்கை அழுத்தினான். கதவைத் திறந்தேன். மணி ஏறி உட்கார்ந்துகொண்டது. ஓடிப்போய்த் தட்டை எடுத்துக்கொண்டு வந்தேன். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மனிதனுக்கு மனசாட்சி உறுத்தினால் திரும்பி வீட்டுக்குப் போக வேண்டும். நாங்கள் திரும்பவில்லை. ஒப்புக்கொண்ட வேலையை முடிக்காமல் எப்படிப் போவது என்ற வீம்பு. ரவூப்பில் எண்ணெய் போட்டோம். அப்போது பெட்ரோல் ஒரு லிட்டர் 1 வெள்ளி 92 காசு. பாட்டி கொடுத்த இருபது வெள்ளியைத்தான் நீட்டினேன். பத்து லிட்டர் சொச்சம் வந்தது. மணியின் இரண்டு மாத அரிசி.

குவா மூசாங்கில் தோழனுக்கு ஓர் அத்தை இருந்தார். தோட்டம் துரவு உள்ள வீடு, அங்கே விட்டுவிடலாம் என்று புதிதாக ஒரு திட்டம் பிறந்தது. பழைய பகாங்கின் தலைநகராக 1898 முதல் 1955 வரை இருந்த கோல லிப்பிசை அடைந்தபோது மாலை ஐந்து மணி. நல்ல மழை. சாலையோரம் ஒரு மலாய்க்கார அம்மாவின் சாப்பாட்டுக் கடையில் நிறுத்தினோம். நாயைக் காடியிலேயே விட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு போய் உட்கார்ந்தோம். கண்ணாடிக்குள் மணியின் தலை தெரிந்தது. அந்த அம்மா எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. நாங்கள் எழும்போது, கோழி எலும்பு போட்ட சோற்றுப் பொட்டலம் ஒன்றை மேசையில் வைத்து, “அதுக்கும் பசிக்கும்” என்று மலாயில் சொன்னார். காசு வாங்கவில்லை. நாயைத் தொடாத அவர் அதன் பசியை நினைத்தார். நாயைத் தொட்டுத் தூக்கி வளர்ந்த நாங்கள் அதை எங்கே தொலைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தோம்.

பாடாங் தெங்குவில் பொதுத் தொலைபேசியிலிருந்து அத்தையை அழைத்தோம். பேரப்பிள்ளைகளுக்கு இழுப்பு நோய், நாய் முடி ஆகாது என்று சொல்லிவிட்டார். மழையில், இருட்டில், மலைப்பாதையில் திரும்பிப் போகவும் பயம். அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். இன்றும் அதை நினைத்தால் கூசுகிறது.

“பக்கத்துல ஏதாச்சும் எஸ்டேட்டுக்குள்ள போவோம்டா. உள்ள ரொம்ப தூரம் போய் விட்டுட்டா அதால ஓடி வர முடியாது.”

மெராப்போ போகும் சாலையிலிருந்து ஒரு செம்மண் பாதை பிரிந்தது. இறங்கினோம். இரண்டு பக்கமும் செம்பனை. ஒவ்வொரு முனையிலும் பிளாக் எண்ணும் நட்ட ஆண்டும் எழுதிய சிறு பலகை. எல்லாப் பாதையும் ஒன்றுபோலவே இருந்தது. மூன்று நான்கு திருப்பத்துக்குப் பிறகு எந்தப் பக்கம் வந்தோம் என்பதே தெரியவில்லை. மழையில் ஊறிய செம்மண் சோப்பு மாதிரி வழுக்கும். நான்கு சக்கரமும் இழுக்கும் காடி என்ற தைரியத்தில் தோழன் ஒரு மேட்டில் வேகமாக ஏற்றினான். பின்பக்கம் சறுக்கி, காடி வடிகால் ஓரம் சாய்ந்து நின்றது. ஓட்டியவனுக்கும் அனுபவமில்லை, வழி சொன்னவனுக்கும் அறிவில்லை. அழுத்த அழுத்தச் சக்கரம் சேற்றைக் குடைந்து அச்சுவரை இறங்கியது. கைத்தொலைபேசியில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை.

நாயை விட்டுவிட்டு வர வந்த இடத்தில் நாங்கள் மாட்டிக்கொண்டோம்.

மழை விட்டதும் மேட்டில் கூடாரத்தை அடித்தோம். தோழன் முகாமில் கற்றதெல்லாம் வெயிலில் கற்றது. ஈர மண்ணில் முளை நிற்கவில்லை. கால் முழுக்க அட்டை. மணிக்கு மட்டும் அந்த இடம் புதிதாகத் தோன்றவில்லை. கூடாரத்தை மூன்று சுற்றுச் சுற்றி மோந்து பார்த்தது. வெட்டிப் போட்ட மட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் ஈரமில்லாத ஓர் இடத்தைக் காலால் பறித்து, எங்களுக்கு முதுகையும் இருட்டுக்கு முகத்தையும் காட்டிப் படுத்துக்கொண்டது. எலி பிடிப்பதற்காக வளர்க்கும் கூகை ஒன்று கம்பத்தின் மேல் இருந்த பெட்டியிலிருந்து வெள்ளையாகப் பறந்து போனது. நான் தோட்டத்தில் பிறந்தவன். ஆனால் அந்த இரவில் அங்கே தோட்டத்துப் பிள்ளை என்று சொல்லத் தகுதி உள்ளது மணி ஒன்றுதான்.

ஒன்பது மணி இருக்கும். மணி உறுமியது. தூரத்தில் மோட்டர் சத்தம். விளக்கு வெளிச்சம் எங்கள் முகத்தில் விழுந்தது.

“யாரு அது? கொல திருட வந்தவனுங்களா?”

தமிழ்க் குரல். எங்களுக்கு உயிர் வந்தது. தோட்டத்து ஜாகா. அறுபது வயது மதிக்கலாம். மழைச் சட்டையும் இடுப்பில் பாராங்குமாக இறங்கினார். அவர் மோட்டருக்குப் பின்னால் நான்கு நாய்கள் வந்து வரிசையாக நின்றன. அவர் விளக்கை எங்கள் மேலிருந்து மணிக்குத் திருப்பினார். பிறகு காடிக்குள் கிடந்த தட்டையும் கைலியையும் பார்த்தார்.

“நாய விட வந்தீங்களா தம்பி?”

தோழன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் ஆமாம் என்றேன். என்னவோ அவரிடம் பொய் சொல்ல வரவில்லை. பாட்டி, அடுக்குமாடி, மாமா என்று எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் தோழனிடமிருந்த முப்பது வெள்ளியை நீட்டி, “ஐயா, நீங்களே வச்சுக்கிறீங்களா?” என்று கேட்டேன்.

அவர் வாங்கவில்லை. கோபப்படவும் இல்லை. மட்டைக் குவியலின் மேல் உட்கார்ந்து சுருட்டைப் பற்றவைத்தார்.

“இந்த நாலும் என்னுது இல்ல தம்பி. காடியில வந்து எறங்குனதுங்கதான். காடி வரும், நாய் எறங்கும், காடி போயிரும். அப்பறம் என்னா ஆகும்னு காடிக்காரனுக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும்.” ஒரு கறுப்பு நாயைக் காட்டினார். “இது ஒன்பது நாளு முச்சந்தியிலயே நின்னுச்சு. சோறு வச்சா தின்னும், திரும்பவும் அங்கயே போயி நிக்கும். ஒவ்வொரு காடி சத்தத்துக்கும் எந்திரிச்சுப் பாக்கும். விட்டவன் அதே எடத்துக்குத்தான் வருவான்னு அதோட கணக்கு. எடத்த விட்டு நகந்துட்டா அவன் தேடுவானேன்னு நெனைக்குது. அதுக்குத் தொலைஞ்சு போனது தானில்ல தம்பி. நீங்கதான்.”

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவரே, “யான நடமாட்டம் இருக்கு. நாய கூடாரத்துக்குள்ள கட்டிப் போட்டுக்குங்க. விடிஞ்சதும் வரேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிரவு மணி என் கால்மாட்டில் படுத்தது. நான் தூங்கவில்லை. எப்போது கண்ணயர்ந்தேன் என்று தெரியாது. காலில் ஈரமாக ஏதோ இடித்தது. விளக்கடித்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். சரியாக ஐந்து மணி.

கூடாரத்தைத் திறந்து கயிற்றை அவிழ்த்தேன். மணி வெளியே போய் உடலை உதறிக்கொண்டு நேராக நடந்தது. முதல் செம்பனை மரத்தடியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தது. அதற்குக் கித்தாவும் செம்பனையும் ஒன்றுதான் போலிருக்கிறது. நிரைக்கு வந்து சேர்ந்துவிட்டோம், வேலையைத் தொடங்கு என்பதுபோல் நின்றது. நான் வராததைப் பார்த்து, மரத்தின் தலைமாட்டில் முன்னங்காலை நீட்டிப் படுத்துக் காத்திருந்தது. பாட்டியின் சைக்கிள் மணிச் சத்தத்துக்குத்தான் காதை விடைத்துக்கொண்டிருந்ததோ என்னவோ. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். தோழன் எழுந்து வந்து பக்கத்தில் நின்றான். “வீட்டுக்குக் கொண்டு போயிருவோம்டா” என்றான். யார் வீட்டுக்கு என்று இருவருக்கும் தெரியாது.

விடிந்ததும் பெரியவர் வந்தார். நாங்கள் சக்கரத்துக்கு அடியில் மட்டையை வெட்டிப் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். “முள்ளு டயர குத்திரும் தம்பி.” பழம் எடுத்த பின் மரங்களுக்கு உரமாகக் கொட்டியிருந்த வெறுங்குலைகளை அள்ளிவரச் சொன்னார். டயர் காற்றைக் கொஞ்சம் இறக்கினார். சேற்றைக் குடைந்து குலைகளைத் திணித்தோம். “முதல் கியர்ல, மெதுவா, முறுக்காம” என்றார். காடி முனகிக்கொண்டே ஏறியது. வெளிச் சாலைவரை மோட்டரில் முன்னால் வந்து வழிகாட்டினார். முச்சந்தியில் அந்தக் கறுப்பு நாய் ஒரு கணம் நின்று எங்கள் காடியை உற்றுப் பார்த்தது. பிறகு அவர் பின்னால் ஓடிப்போனது.

திரும்பும் வழியெல்லாம் பேசி முடிவெடுத்தோம். கிள்ளானில் எங்கள் வீடு தரைவீடு. நாய் வேண்டவே வேண்டாம் என்று அப்பா பல முறை மறுத்தவர். இரண்டாவது நாள் மாலை, சேறு படிந்த காடியிலிருந்து நானும் மணியும் இறங்குவதைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். அவரும் தோட்டத்தில் பிறந்தவர்தான். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “மொதல்ல குளிப்பாட்டு, அட்டை இருக்கான்னு காதுக்குள்ள பாரு” என்றார். அடுத்த வாரம் நகராட்சிக் கழகத்தில் உரிமம் எடுத்து வந்ததும் அவர்தான்.

பாட்டி சனிக்கிழமை தோறும் பேருந்து ஏறி வந்துவிடுவார். முதல் முறை வந்தபோது, “இந்த வீட்டுக்கா குடுத்த? அப்ப அந்த இருவது வெள்ளி?” என்று சிரித்தார். எண்ணெய்க்குச் செலவாகிவிட்டது என்றேன். அது உண்மைதான். ஆனால் முழு உண்மை அல்ல. மணி 2012 வரை இருந்தது. பாட்டி 2015-இல் காலமானார். நாடாளுமன்றம் விலங்கு நலச் சட்டத்தை நிறைவேற்றியதும் அதே ஆண்டுதான். விலங்கைக் கொடுமைப்படுத்தினால் 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை அபராதம் என்று நாளிதழில் படித்தபோது, பாட்டியின் இருபது வெள்ளிதான் ஞாபகத்துக்கு வந்தது.

இதைப் படிக்கும் தம்பி தங்கைகளில் பலர் தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகள். வரும்போது நம் பெரியவர்கள் எதையெல்லாம் விட்டுவிட்டு வந்தார்கள் என்று கேட்டால் வீடு, கோயில், பள்ளிக்கூடம் என்று சொல்வார்கள். வாலாட்டிக்கொண்டு வாசலில் நின்றதைப் பற்றிப் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். சொல்ல முடியாது என்பதை நான் அறிவேன். வேறு வழியில்லாமல் விட்டவர்களும் உண்டு. எனக்கு வழி இருந்தது. அது கிள்ளானில் என் சொந்த வீட்டில் இருந்தது. அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்பதற்குக் கூச்சப்பட்டுக்கொண்டு பகாங் காடுவரை போனேன்.

மணியின் அலுமினியத் தட்டு இன்னமும் எங்கள் வீட்டில் இருக்கிறது. பாட்டியிடம் சொல்லாததை இங்கே எழுதிவிட்டேன்.